கம்பியில் ஏறாத கடிதம்

எங்கள் பாட்டனார் வீட்டு நடையில், கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கம்பி தொங்கிக்கொண்டிருக்கும். அடியில் ரூபாய் அகலத்துக்கு ஒரு மரவில்லை. மேல்முனை கூராக வளைந்திருக்கும். தபால்காரர் கொடுத்துவிட்டுப் போகிற கார்டையும் கவரையும், பாட்டனார் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசிப்பார். பிறகு நடுவில் ஒரு குத்து. கடிதம் கம்பியில் ஏறிவிடும். உரக்கடைச் சீட்டு, வரி ரசீது, சம்பந்தி வீட்டாரின் கோபம், பேரன் பிறந்த சந்தோஷம் எல்லாம் ஒரே கம்பியில், வந்த வரிசையில் இருக்கும். அடியில் இருக்கிற ஒன்று வேண்டுமானால் மேலே இருப்பவற்றையெல்லாம் உருவவேண்டும். அதனால் சாமானியமாக யாரும் எதையும் தேடுவதில்லை.

நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகூடக் கம்பியில் ஏறும். சாவுச் செய்தி கொண்டுவருகிற கடிதம் மட்டும் ஏறாது. அதை வாசித்த கையோடு கிழித்து வெளியே போட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கமில்லை. ஆகவே அந்தக் கம்பியில் என்ன இருக்கிறது என்பது தெரியாதவர்களுக்குக்கூட, என்ன இருக்காது என்பது தெரியும். விட்டது எது, ஏன் விட்டோம் என்பதில் ரகசியமே கிடையாது.

இந்தக் கம்பி எனக்கு வெகுகாலத்துக்குப் பிறகு சென்ற ஆடி மாதத்தில் ஞாபகம் வந்தது. இறந்துபோன என் சிநேகிதன் ஒருவனுடைய கடிதங்களை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு அப்போது என்னிடம் வந்து சேர்ந்தது. எடுப்பதற்கு இரண்டு விநாடி ஆயிற்று. கொடுப்பதற்குப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பெங்களூரில் பதினைந்து வருஷம் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்த்துவிட்டு, ஒரு நாள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, குடமுருட்டிக் கரையில் தகப்பனார் விட்டுப்போன பதினைந்து மா நிலத்தைப் பார்க்க வந்துவிட்டான். ஊருக்கு வந்தபிறகும் எனக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. தொலைபேசியில் பேசுவது அவனுக்குப் பிடிக்காது. “பேசினால் பாதி பொய் வந்துவிடுகிறது, எழுதினால் கொஞ்சம் யோசிக்கிறேன்” என்பான். மின்னஞ்சல்தான், ஆனால் பழைய கவர்க் கடிதம் மாதிரி இரண்டு பக்கம், மூன்று பக்கம் இருக்கும்.

என் மின்னஞ்சல்களை ஒழுங்குசெய்து கொடுத்தவனும் அவனே. நம்மில் பெரும்பாலோர் வைத்துக்கொண்டிருக்கிற ஏற்பாடு என்னவென்றால், கடிதங்களைத் தபாலாபீஸிலேயே விட்டுவிட்டு, வேண்டும்போது போய் ஜன்னல் வழியாக வாசித்துவிட்டு வருவது. 1986-இல் மார்க் கிரிஸ்பின் என்பவர் வகுத்த ஐமாப் என்ற முறை இதற்கு வழிசெய்தது. சௌகரியமான முறைதான். எந்த ஊரில் எந்தக் கருவியைத் திறந்தாலும் கடிதம் இருக்கும். ஆனால் தபாலாபீஸ் நம்முடையது அல்லவே? இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத கணக்குகளை அழித்துவிடப் போவதாக கூகுள் கம்பெனியார் 2023 மே மாதத்தில் அறிவித்தார்கள்; அந்த வருஷம் டிசம்பரிலிருந்து அழிக்கவும் தொடங்கினார்கள். அன்று என் வீட்டுக்கு வந்தவன், “இருபது வருஷத்துக் கடுதாசியை அடுத்தவன் வீட்டுப் பரணில் போட்டுவிட்டு எப்படித் தூங்குகிறாய்?” என்று கேட்டுக்கொண்டே என் கணினியின் முன்னால் உட்கார்ந்தான்.

படங்களும் பொத்தான்களும் இல்லாத ஒரு கறுப்புத் திரையைத் திறந்தான். அதில் கட்டளையை எழுத்தால் எழுதவேண்டும். ஒரு வரி எழுதி விசையைத் தட்டினால் காரியம் நடக்கும். எம்பிசிங்க் என்ற ஒரு சின்ன நிரல், அந்தப் பக்கத்தில் இருக்கும் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து இந்தப் பக்கத்தில் பிரதி எடுத்தது. ஒரு ராத்திரி முழுவதும் ஓடியது. விடிந்து பார்த்தபோது என் கடிதங்கள் என் வீட்டில் இருந்தன.

கடிதங்களை வைக்கும் முறையில் இரண்டு தினுசு உண்டு என்று அவன் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒன்று, எல்லாக் கடிதங்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரே நீளக் கோப்பில் சேர்த்துக்கொண்டே போவது. “உன் பாட்டன் கம்பி” என்றான். மற்றொன்று, ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனிக் கோப்பாக வைப்பது. இதற்கு மெயில்டிர் என்று பெயர். அவன் எனக்கு வைத்துக் கொடுத்தது இரண்டாவது. இதில் ஒரு விசேஷம்: கடிதத்தை நாம் என்ன செய்தோம் என்பது அந்தக் கோப்பின் பெயரிலேயே வால்போல ஒட்டிக்கொண்டிருக்கும். வாசித்திருந்தால் ‘எஸ்’ என்ற ஆங்கில எழுத்து. பதில் எழுதியிருந்தால் ‘ஆர்’. இரண்டும் செய்திருந்தால் இரண்டு எழுத்துகளும். அப்போது இது எனக்கு வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் செய்தான். ஒரு பக்கத்தில் அழித்தால் மற்றப் பக்கத்திலும் அழிந்துவிடும்படி அந்த நிரலுக்குச் சொல்லிவைக்கலாம். அந்த வரிக்கு நேரே அவன் ‘வேண்டாம்’ என்று பொருள்படும் சொல்லை எழுதினான். “மற்றதையெல்லாம் இயந்திரம் செய்யட்டும். அழிக்கிற காரியத்தை மட்டும் நீயே கையால் செய்” என்றான்.

சென்ற தை மாதத்தில் அவன் இறந்துபோனான். நாற்பத்தேழு வயது. அறுப்பு நடந்துகொண்டிருந்தது.

ஆடிப்பெருக்குக் கழிந்து இரண்டு நாளைக்கெல்லாம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. காப்பி கொடுத்துவிட்டு அவன் மனைவி சொன்னார்: “அண்ணே, அவங்க உங்களுக்குத்தான் மாசம் தவறாம எழுதுவாங்க. என்கிட்ட அவங்க கையெழுத்துல ரெண்டு மூணு கணக்கு நோட்டுத்தான் இருக்கு. போனு ஒடஞ்சு போச்சு. அதுல இருந்ததை எடுக்க முடியலன்னுட்டாங்க. அந்தக் கடுதாசியெல்லாம் எனக்குக் கொடுங்க. பையன் பெரியவனாகிப் படிக்கட்டும்.”

“இதென்னம்மா பெரிய காரியம், அடுத்த வாரமே கொண்டுவந்து கொடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் வருவதற்குள் காவேரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளையும் தாண்டவேண்டும். ஐந்து பாலம் தாண்டுகிற வரையில் என் மனசில் எந்தச் சிக்கலும் இல்லை.

வீட்டுக்கு வந்து கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதினேன். 2009-இல் கார்ல் வொர்த் என்பவர் தொடங்கிய நாட்மச் என்ற தேடும் கருவியை அவன் எனக்கு ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தான். இன்னாரிடமிருந்து வந்த கடிதங்கள் என்று கேட்டேன். 612 என்று சொல்லிற்று. பிரதி எடுத்து ஓர் உறையில் போட்டுக் கொடுத்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த 612-இல் அந்த அம்மாளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறான் என்று ஒரு தரம் பார்த்துவிடலாமே?

இப்படிப்பட்ட யோசனைகள் வரும்போது அவை நல்ல வேஷத்தில்தான் வருகின்றன. அந்த அம்மாளின் மனசு நோகக்கூடாது என்ற அக்கறை என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

முதலில் கிரெப் என்ற கருவியைக்கொண்டு தேடினேன். 1973-இல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ப்ஸன் எழுதியது. கோப்புகளை ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு போய், நாம் கேட்ட எழுத்துகள் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியை எடுத்துக் கொடுக்கும். அவர் பெயரைத் தமிழில் எழுதித் தேடச் சொன்னேன். ஒரு வரியும் வரவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு கடிதத்தில் கட்டின மனைவியின் பெயர் ஒரு தரம்கூட இல்லை! எனக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்குப் பின்னாலேயே ஒரு வருத்தம்.

இரண்டும் தப்பு. மின்னஞ்சல் பிறந்தபோது அதற்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும். 1971-இல் ரே டாம்லின்ஸன் முதல் கடிதத்தை ஓர் இயந்திரத்திலிருந்து மற்றோர் இயந்திரத்துக்கு அனுப்பியபோது தமிழைப் பற்றி யார் நினைத்தார்கள்? 1992-இல் போரன்ஸ்டைன், ஃப்ரீட் என்ற இருவர் மற்ற மொழிகளும் போகும்படி ஒரு வழி வகுத்தார்கள். வழியில் கெட்டுப்போகாமல் இருப்பதற்காக, தமிழ்க் கடிதம் பெரும்பாலும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக உருமாறிப் பிரயாணம் செய்கிறது. நம்முடைய ஒரு ‘அ’ நாலு குறிகளாக மாறிவிடும். நம் கண்ணுக்கு முன்னால் வரும்போது மறுபடியும் தமிழாகிவிடுவதால் நமக்கு இது தெரிவதில்லை. கோப்பில் மாறுவேஷத்தில்தான் இருக்கிறது. கிரெப் அந்த மாறுவேஷத்தைத் துருவிப் பார்த்துவிட்டு, இங்கே தமிழே இல்லை என்று யோக்கியமாகச் சொல்லிவிட்டது.

தஞ்சாவூர் சரசுவதி மகாலில் மோடி எழுத்தில் எழுதிய மராத்திய அரண்மனைக் காகிதங்கள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. 1855 வரையில் இந்த ஊரை ஆண்டவர்களின் வரவும் செலவும் வழக்கும் தானமும் அவற்றில் இருக்கின்றன. அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் வெகு சொற்பம். வாசிக்கத் தெரியாதவன் அந்த மூட்டையைப் பிரித்துவிட்டு இதில் ஒன்றுமில்லை என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் நான் நிம்மதிப்பட்டதும்.

நாட்மச் வேறு மாதிரி வேலை செய்வது. அது கடிதங்களை முன்னாலேயே பிரித்து வாசித்து, எந்தச் சொல் எந்தக் கடிதத்தில் வருகிறது என்று ஓர் அகராதி தயாரித்து வைத்துக்கொள்கிறது. உ.வே. சாமிநாதையர் தம்முடைய பதிப்புகளின் கடைசியில் அரும்பத அகராதி சேர்ப்பாரே, அதைப்போல. அதிலும் நம் மொழிக்கு ஒரு சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது. ‘வயல்’ என்று தேடினால் ‘வயலில்’, ‘வயலுக்கு’ கிடைக்காது. லகரத்தின் புள்ளி வேற்றுமை உருபு சேர்ந்ததும் போய்விடுகிறதல்லவா? புள்ளியை விட்டுவிட்டு, கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுக் கேட்கவேண்டும். இது தவிர, முதல் நாலு வருஷம் அவன் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தான். ஒரே பெயரை ஐந்து தினுசாக எழுதியிருப்பான். எல்லாவற்றையும் கொடுத்துக் கேட்டேன்.

நூற்றுநாற்பத்துமூன்று கடிதம் வந்தது.

பெரும்பாலானவை வீட்டுச் செய்தி. அவருக்குக் காய்ச்சல், அவர் வைத்த மல்லிகை பூத்தது, அவர் சொன்ன ஒரு வேடிக்கை. ஆனால் பதினோரு கடிதம் வேறு மாதிரி இருந்தது. பெங்களூரை விட்டு ஊருக்கு வந்த முதல் இரண்டு வருஷத்தில் எழுதியவை. அவருக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. அதை விட்டுவிட்டு வர இஷ்டமில்லாமல் வந்தவர். அந்த வருத்தம் வீட்டில் சண்டையாக மாறியிருக்கிறது. அவன் அதை எனக்குக் கோபமாக எழுதியிருக்கிறான். அவர் முகத்துக்கு நேரே ஒருபோதும் சொல்லியிருக்க முடியாத வார்த்தைகள். சில இடங்களில் நியாயமும் இல்லை.

இவற்றைக் கொடுக்கலாமா?

சட்டம் என்ன சொல்கிறது என்று யோசித்தேன். 1741-இல் இங்கிலாந்தில் அலெக்ஸாண்டர் போப் என்ற கவி, தம் கடிதங்களைக் கேட்காமல் அச்சிட்டதற்காக எட்மண்ட் கர்ல் என்ற புத்தக வியாபாரியின்மேல் வழக்குத் தொடுத்தார். காகிதம் பெற்றவருக்குச் சொந்தம், வாசகம் எழுதியவருக்குச் சொந்தம் என்று தீர்ப்பாயிற்று. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் எழுதியவர்தான் உரிமையாளர். அவருக்குப் பின் அறுபது வருஷம் வாரிசுகளுக்கு உரிமை. அப்படிப் பார்த்தால் அந்தப் பதினோரு கடிதத்தின் வாசகங்களும் அவற்றில் திட்டப்பட்டிருக்கிற அம்மாளுக்கே சொந்தம்! எனக்குச் சொந்தமாக இருக்கவேண்டிய காகிதமோ, இந்தக் காலத்தில், இல்லவே இல்லை.

சட்டம் முடித்துவிட்ட இடத்தில் மனசாட்சி ஆரம்பிக்கிறது. அவன் எனக்கென்று எழுதினான். என்னிடம் சொன்னால் வேறு காதுக்குப் போகாது என்று நம்பி எழுதினான். செத்துப்போனதனால் அந்த நம்பிக்கை ரத்தாகிவிடுமா? இந்தப் பக்கம் பார்த்தால், அவர் கேட்டது ‘நல்ல கடிதங்களை’ அல்ல; ‘எல்லாம்’ என்றுதான் கேட்டார். பொறுக்கி எடுத்த புருஷனை அவருக்குக் கொடுப்பது எந்த நியாயம்?

இங்கிலாந்தின் பெரிய நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் தம் அக்காள் கசாண்ட்ராவுக்கு ஏராளமாகக் கடிதம் எழுதியவர். 1845-இல் இறந்த கசாண்ட்ரா, அதற்குச் சில வருஷங்களுக்கு முன் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொளுத்திவிட்டார். சிலவற்றில் சில வரிகளைக் கத்தரித்து எடுத்துவிட்டார். இன்று மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய 160. ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் அந்த அம்மாளை வைகிறார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை. தங்கையின் அந்தரங்கத்தைக் காத்தார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் பக்கத்திலேயே எதிர்மாறான ஓர் உதாரணம் உண்டு. உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, 1880 முதல் 1903 வரையில் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் போதித்த சாமிநாதையர், தமக்கு வந்த கடிதங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்துவைத்தார். சுவடிகளைத் தேடிப் போன ஊர்களில், பழசாகிவிட்டது என்று ஏடுகளை நெருப்பில் போட்டுவிட்ட கதைகளைக் கேட்டு நொந்தவர் அவர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாக அவரிடமே சொன்னார்கள். எது தேவை, எது தேவையில்லை என்று அந்தந்தச் சமயத்தில் இருக்கிறவன் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவர் கடிதத்தைக் கிழிக்க மனம் துணிவாரா?

புதுமைப்பித்தன் தம் மனைவி கமலா அம்மாளுக்கு எழுதிய கடிதங்கள் அவர் காலமாகிப் பல ஆண்டுகளுக்குப் பின் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று புத்தகமாக வந்தன. கையில் காசில்லாமல் இருந்த ஒரு பெரிய எழுத்தாளரை நமக்குக் காட்டுகிற கடிதங்கள். நாம் வாசித்துக் கலங்குகிறோம். ஆனால் அவை யாருக்கு எழுதப்பட்டனவோ அவரிடம் இருந்து வந்தவை. என்னுடைய சங்கடம் வேறு. என்னிடம் இருப்பவை ஒருவரைப் பற்றி இன்னொருவருக்கு எழுதப்பட்டவை.

ஐந்தாறு நாள் இப்படியே போயிற்று. கடைசியில் கசாண்ட்ரா பக்கம் சாய்ந்தேன். கோபக் கடிதங்களைத் தனியாக ஓர் அடைப்பில் ஒதுக்கிவிட்டு, மற்றதை அச்சிட்டுக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஒவ்வொன்றாக வாசித்து ஒதுக்கினேன். வேலை முடிந்தபின், சரிபார்ப்பதற்காக அந்த அடைப்பில் எத்தனை இருக்கிறது என்று எண்ணச் சொன்னேன்.

பதினான்கு என்று வந்தது.

இயந்திரம் எண்ணுவதில் தப்பு செய்யாது. திறந்து பார்த்தேன். பதினொன்று நான் சொன்னவை. மற்ற மூன்றில் அந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்று, என்னுடைய ஒரு நாவல் வந்தபோது எழுதியது. அவன் தாயார் வாழ்க்கையில் நடந்த ஒரு விஷயத்தை அதில் வைத்திருந்தேன். “கேட்டிருக்கலாமே” என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். மற்ற இரண்டும் போன வருஷத்துக் கார்த்திகையில் எழுதியவை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குப் போகவேண்டும் என்கிறார்கள், முடிந்தால் ஒரு நாள் வந்துவிட்டுப் போ என்று ஒன்று. முடிவு வந்துவிட்டது, பயப்பட ஒன்றும் இல்லை, நீ வேலையை முடித்துவிட்டு வா என்று இன்னொன்று.

இந்த மூன்றையும் எப்போது ஒதுக்கினேன்? கை ஒதுக்கிவிட்டது. ‘இது அந்த அம்மாளுக்குச் சம்பந்தமில்லை’ என்று மனசு ஒரு காரணமும் சொல்லியிருக்கிறது. அந்தக் காரணத்தை நான் கேட்டதாகக்கூட ஞாபகம் இல்லை.

பிறகு செய்யக்கூடாததைச் செய்தேன், அல்லது செய்யவேண்டியதைச் செய்தேன். கறுப்புத் திரையில் இன்னொரு வரி எழுதினேன்: அவனிடமிருந்து வந்து, நான் வாசித்து, பதில் எழுதாத கடிதங்கள் எத்தனை? முப்பத்தேழு. முப்பத்தேழு கோப்புகளின் வாலிலும் எஸ் மட்டும் இருந்தது. சிலவற்றுக்கு நேரில் பார்த்தபோது பதில் சொல்லியிருப்பேன். எல்லாவற்றுக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. கார்த்திகையில் வந்த இரண்டும் அந்த முப்பத்தேழில் இருந்தன.

எனக்கு விளங்கிய விஷயம் இதுதான். இன்னொருவர் மனசு நோகாமல் காப்பதாகச் சொல்லிக்கொண்டு பொறுக்க உட்காருகிறவன், தன்னையும் சேர்த்துத்தான் காத்துக்கொள்கிறான். முதலாவதுக்குக் கொடுத்த அனுமதியைக் காட்டி இரண்டாவது உள்ளே நுழைந்துவிடுகிறது. கசாண்ட்ரா கத்தரித்த கடிதங்களில் தங்கையின் அந்தரங்கம் எவ்வளவு, தம்முடைய அந்தரங்கம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அவர் கத்தரித்த இடத்தில் ஓட்டை இருக்கிறது. இங்கே ஏதோ இருந்தது என்பதையாவது அந்த ஓட்டை சொல்கிறது. கம்பியிலிருந்து ஒரு கடிதத்தை உருவினால்கூட, கிழிந்த காகிதத்தின் சிம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். நான் எடுத்த பதினான்குக்கு ஓட்டையும் கிடையாது, சிம்பும் கிடையாது. 598 கடிதத்தைக் கொடுத்து, இவ்வளவுதான் என்றால் இவ்வளவுதான்.

பழைய நாளில் கடிதத்தைத் தேடுவது பெரிய காரியம்; ஆகவே தேடுகிறவனுக்கு ஏன் தேடுகிறோம் என்று யோசிக்க அவகாசம் இருந்தது. கம்பியை இறக்கி, ஒவ்வொன்றாக உருவி, தூசி தட்டுவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். இப்போது அந்த அவகாசம் போய்விட்டது. கேள்வியை எழுதி முடிப்பதற்குள் பதில் வந்து நிற்கிறது. இயந்திரத்தின்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. என்ன கேட்டேனோ அதைத்தான் கொடுத்தது. பதில் எழுதாதவை எத்தனை என்று கேட்டபோது அதையும் தயங்காமல் கொடுத்தது. முதல் கேள்வியைக் கேட்ட அன்றே அந்த இரண்டாவது கேள்வியை நான் ஏன் கேட்கவில்லை என்பதுதான் விசாரிக்கவேண்டியது.

எங்கள் பக்கத்தில் வாய்க்கால் தலைப்பில் மதகைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பான். பலகையைத் தூக்குவதும் இறக்குவதும் அவன் கையில். தண்ணீர் அவனுடையது அல்ல. மேல்வயல்காரனுக்கு இன்று விடமாட்டேன் என்று சொல்ல அவனுக்கு நியாயம் இருக்கலாம்; ஆனால் அதை அவன் வாய்திறந்து சொல்லவேண்டும். ராத்திரியில் சத்தமில்லாமல் பலகையை இறக்கிவிட்டு, ஆற்றில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால் ஊர் அவனைச் சும்மா விடுமா? அதிலும் அவன் சொந்த வயலும் அதே வாய்க்காலில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எனவே எனக்கென்று ஒரு விதி செய்துகொண்டேன். எனக்கு வெட்கம் தருவதை ஒதுக்க எனக்கு உரிமை இல்லை. அவனுக்கு வெட்கம் தருவதை ஒதுக்கலாமா என்பது சந்தேகம். ஆனால் ஒதுக்கியிருக்கிறேன் என்பதை மறைக்க நிச்சயமாக உரிமை இல்லை. மற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்று நான் வாதாட வரவில்லை. பொறுக்கிக் கொடுக்கிற இடத்தில் என்றைக்காவது உட்கார நேர்கிறவர்கள், முதலில் தங்கள் கை எதை ஒதுக்குகிறது என்று ஒரு தரம் எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது என்று மட்டும் சொல்வேன்.

601 கடிதங்களை அச்சிட்டேன். பரிசோதனைக் கடிதங்களும், “கேட்டிருக்கலாமே” கடிதமும் அதில் சேர்ந்தன. தஞ்சாவூரில் ஒரு பைண்டரிடம் கொடுத்து மூன்று புத்தகமாகக் கட்டி வாங்கினேன். பதினோரு கடிதங்களை ஒரு பழுப்புக் கவரில் போட்டு ஒட்டினேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் ஐந்து ஆற்றையும் தாண்டிப் போனேன்.

புத்தகங்களை அவர் மடியில் வைத்துக்கொண்டார். கவரைக் கொடுத்து, “இதில் பதினோரு கடிதம் இருக்கிறது அம்மா. இது தனி. நான்தான் பிரித்து வைத்தேன்” என்றேன்.

“என்னப் பத்தியா?”

“ஆமாம்.”

“கோவமா?”

“கோபமாகத்தான்.”

கொஞ்ச நேரம் கவரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “பெங்களூரை விட்டு வந்த வருஷத்ததா இருக்கும்” என்றார். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய் எங்கேயோ வைத்துவிட்டு வந்தார்.

அந்தப் புத்தகத்தில் என்னைப் பற்றியும் சில இருக்கின்றன என்று சொல்ல வாயெடுத்தேன். கார்த்திகை மாதத்து விஷயத்தை நானே சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே தீர்மானம் செய்திருந்தேன். “அவன் எழுதினதற்கு நான் பல தடவை பதில் போடவில்லை அம்மா” என்று ஆரம்பித்தேன்.

“அது எனக்குத் தெரியுமே அண்ணே” என்றார் அவர். “போனை எடுத்து எடுத்துப் பாப்பாங்க. பதில் வரலேன்னா, ‘எழுதிக்கிட்டிருப்பான், நாம தொந்தரவு பண்ணக்கூடாது’ன்னு சொல்லிட்டு வயலுக்குப் போயிடுவாங்க.”

நான் மறைக்க நினைத்ததெல்லாம் அந்த வீட்டில் முன்னாலேயே தெரிந்திருந்தது. மன்னித்தும் ஆகிவிட்டது போலிருந்தது; அல்லது அது எனக்காகச் சொன்ன வார்த்தையோ என்னவோ.

கவரை அவர் பிரித்தாரா என்று நான் இதுவரை கேட்கவில்லை. என் கணினியில் அந்த முப்பத்தேழு கடிதங்களும் ஓர் எழுத்து வாலோடு அப்படியே இருக்கின்றன. அந்த எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் பதில் எழுதியாகிவிட்டது என்று கணக்கை மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். அந்த வரி எனக்குத் தெரியும். அவன் சொல்லிக் கொடுத்ததுதான். எழுதவில்லை.